காரைக்குடியிலிருந்து ஒரு நாள்: முதலில் மண்டபம் அருங்காட்சியகமா, தனுஷ்கோடி மணல்மேடா?

கானாடுகாத்தான் வாத்தியார்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேர், பெரியவர்கள் 4 பேர், வேன் இரண்டு. பிப்ரவரியில் ஒரு வேலை நாள். காரைக்குடியில் கிளம்பி அன்று இரவே திரும்பிவிட வேண்டும். பார்க்க நினைப்பது இரண்டுதான்: மண்டபம் முகாமில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அருங்காட்சியகமும் மீன் தொட்டிகளும், அப்புறம் தனுஷ்கோடி மணல்மேடு. கோயிலும் கடைத்தெருவும் இந்தப் பயணத்தில் கிடையாது.

வழியில் முதலில் வருவது மண்டபம். அதைப் பார்த்துவிட்டு மணலுக்குப் போகலாம் என்பது என் கணக்கு. சரியா? பிள்ளைகள் கையில் என்ன வேலை கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள். சும்மா நடந்து பார்த்துவிட்டு வருவதில் எனக்கு இஷ்டமில்லை.

நெய்தல்

மணல் முதலில், வாத்தியாரே. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மணல்மேட்டில் படிக்க வேண்டியதெல்லாம் இரவில் எழுதப்படுகிறது. நண்டு போன தடம், பறவைக் கால், காற்று வரைந்த வரிகள், எல்லாம் விடியலில்தான் முழுசாக இருக்கும். நிலம் சூடேறிக் கடற்காற்று பலக்கும்போது, ஒன்பது மணிக்கு மேல், ஒவ்வொன்றாக அழியத் தொடங்கும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் உயர வரிக்குக்கூட நிழல் விழும். உச்சி வெயிலில் அதே இடம் வெள்ளைத் தாள் மாதிரி கிடக்கும். மதியத்தில் மணலின் மேல்தோல் 50 டிகிரியைத் தாண்டும். செருப்பை மீறிச் சுடும். பிள்ளைகள் நிழல் தேடுவார்களே தவிர மணலைப் பார்க்க மாட்டார்கள்.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் இருப்பது பன்னிரண்டு மணிக்கும் அப்படியே இருக்கும், தலைக்கு மேல் கூரையும் உண்டு.

ஆத்தங்குடிப் பட்டறை

நெய்தல் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பெயர் தெரியாமல் மணலில் இறங்கினால் பிள்ளைகளுக்கு அது வெறும் மணல்தான். அடப்பங்கொடி எது, இராவணன் மீசை எது என்று தெரியாதவன் இரண்டு செடியையும் மிதித்துக்கொண்டு போவான். அருங்காட்சியகம் முதலில் என்றால் கண் பழகியிருக்கும்.

நேரக் கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது என்றால் இன்னொரு வழி சொல்கிறேன். கிளம்புவதற்கு முந்தைய வாரம் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். திருக்கோகர்ணத்தில் இருக்கிறது, 1910-இல் தொடங்கியது, விலங்கியல், நிலவியல் பகுதிகள் உண்டு, காரைக்குடியிலிருந்து சுமார் 40 கி.மீ. அரைநாள் போதும். பாடம் செய்த உடலை எப்படிப் பார்ப்பது, பெயர்ச்சீட்டை எப்படிப் படிப்பது என்ற பழக்கம் அங்கே வந்துவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் மறக்காதீர்கள்.

ரஸ்தா ஸ்டியரிங்

வண்டிக் கணக்கு நான் சொல்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், தேவிபட்டினம், ராமநாதபுரம் வழி. ராமேஸ்வரம் வரை சுமார் 150 கி.மீ., தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனை இன்னும் 20. வேனில் மூன்றரை மணி நேரம், பிள்ளைகளோடு என்றால் ஒரு நிறுத்தம் சேர்த்து நாலு. அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் ஏழுக்கு மணலில் நிற்கலாம்.

முக்கியமானது: தனுஷ்கோடி சாலையில் தாரை விட்டுச் சக்கரத்தை இறக்காதீர்கள். ஓரத்தில் கெட்டியாகத் தெரிவது நாலு விரல் மேலோடுதான். காற்று நாளில் மணல் தார் மேலேயே பரவிக் கிடக்கும், அதில் வேகமாக பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும்.

தப்பித் தவறிச் சக்கரம் புதைந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்றத் தன் குழியைத் தானே தோண்டும், வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும். எல்லோரையும் இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் உள்ள மணலைக் கையால் சரிவாக வாரி எடுங்கள். கார் டயராக இருந்தால் 32-இல் இருக்கும் காற்றை 20-க்குக் குறைக்கலாம். வேன் டயருக்கு அதே விகிதத்தில். டயர் தட்டையாகி அகலமாக மிதிக்கும். பலகையோ கனத்த சாக்கோ முன்னால் போட்டு, இரண்டாவது கியரில் மெல்ல எடுங்கள். தாருக்கு வந்ததும் அதே காற்றோடு ஓட்டக் கூடாது, டயர் சூடேறி வெடிக்கும். பெட்டியில் கைப்பம்பு ஒன்று இருக்கட்டும்.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் பழக்கம் வேண்டாம். பின்னால் பஸ் வரும்.

கானாடுகாத்தான் வாத்தியார்

மூன்று மணி என்றால் பெற்றோரிடம் பேச வேண்டும், பேசலாம். பட்டறை அண்ணே, புதுக்கோட்டை யோசனை நல்லது, செய்கிறேன். அப்படியென்றால் மணல் முதலில்.

இப்போது வேலை. மணல்மேட்டில் 36 பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம். என்ன கொடுக்கலாம்?

நெய்தல்

ஆறு பேராக ஆறு குழு. குழுவுக்கு ஒரு கோணமானி, அதன் நடுவில் நூல், நூலில் கனமான நட்டு. அரை மீட்டர் மரச் சட்டத்தைச் சரிவின் மேல் வைத்து, கோணமானியின் நேர் விளிம்பைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடித்து, நூல் 90-லிருந்து எத்தனை டிகிரி விலகுகிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் சரிவு.

காற்று அடிக்கும் பக்கம் 10 முதல் 15 டிகிரி வரை சாய்வாக வரும். மறுபக்கம், மணல் உச்சியிலிருந்து சரிந்து விழும் பக்கம், 32 முதல் 34 வரை. காய்ந்த மணல் அதற்கு மேல் நிற்காது, ஒரு பிடி சேர்த்தாலும் வழிந்துவிடும். 40 என்று எவனாவது எழுதினால் ஈர மணலில் அளந்திருக்கிறான் என்று அர்த்தம். ஈரம் மணியை மணியோடு ஒட்டவைக்கும், அதனால் செங்குத்தாகக்கூட நிற்கும். இன்னொரு தவறு நூல் ஆடுவது. காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அளக்கச் சொல்லுங்கள், மூன்று முறை எடுத்துச் சராசரி போடட்டும்.

சரிவுப் பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று திசைகாட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த பயிற்சி. தென்மேற்குப் பருவத்தில் காற்று மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து, அந்த ஊர்க்காரர்கள் ஆண்கடல் என்று சொல்லும் பக்கமிருந்து, பெண்கடலான பாக் விரிகுடாப் பக்கம் வீசும். சரிவு வடகிழக்கைப் பார்க்கும். வடகிழக்குப் பருவத்தில் உச்சி மட்டும் திரும்பி எதிர்ப்பக்கம் சரியத் தொடங்கும். பிப்ரவரியில் போனால் ஒரே மேட்டில் பெரிய உடம்பு ஒரு திசையும் சின்ன உச்சி மறு திசையும் பார்ப்பதைக் காணலாம். ஆறு மாசத்துக் காற்று அதில் பதிந்திருக்கிறது.

வரிகளையும் அளக்கலாம். காற்று வரிக்கு உச்சிக்கு உச்சி 5 முதல் 15 செ.மீ., ஒரு பக்கம் சாய்வு, மறுபக்கம் குத்து. தண்ணீரோரம் அலை போட்ட வரிக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. தொலைவு இரண்டு நிமிட நடைதான், வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

ஆத்தங்குடிப் பட்டறை

மணலையே பார்க்க வையுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் குழுவுக்கு ஒன்று. கூடவே இங்கிருந்து ஒரு சின்ன டப்பாவில் ஆற்று மணல் கொண்டு போங்கள்.

லென்ஸில் பார்த்தால் ஆற்று மணலில் பெரிது சிறிது எல்லாம் கலந்திருக்கும், முனை கூராக இருக்கும். மேட்டு மணல் ஏறக்குறைய ஒரே அளவு. காற்று தூக்க முடிந்ததைத் தூக்கி வந்தது, முடியாததைக் கரையிலேயே விட்டுவிட்டது. உள்ளங்கையில் இரண்டையும் தனித்தனியாக வைத்து எலுமிச்சைச் சாறோ வினிகரோ நாலு சொட்டு விடுங்கள். மேட்டு மணலில் நுரை பொங்கினால் அதில் கிளிஞ்சல் தூளும் பவளத் தூளும் இருக்கிறது. நம்மூர் மணல் சும்மா இருக்கும்.

“அப்படியென்றால் இந்த மணலை வைத்து வீடு கட்டலாமே” என்று எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும். கட்டக் கூடாது. ஒரே அளவு மணியாக இருப்பதால் இடைவெளி அதிகம், சிமெண்ட் கூடுதலாகக் குடிக்கும். ஒட்டியிருக்கும் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். தரைக்கல்லில் போட்டால் நாலு மாசத்தில் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும், எத்தனை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் அந்த வண்ணம் திரும்பாது.

கண்டனூர் ஆச்சி

மணலை டப்பாவில் அள்ளிக்கொண்டு வரலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கடலோர மணல்மேடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் முதல் வகைப் பாதுகாப்பில் இருக்கிறது. சோதனையை உள்ளங்கையிலேயே முடித்து அங்கேயே உதறிவிடுங்கள். பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை மூன்றும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் 2001-இலிருந்து பாதுகாக்கப்பட்டவை. கரையில் செத்துக் கிடந்தாலும் பையில் போடக் கூடாது. சாதாரண வெறும் சங்கும் வேண்டாம், அதற்குள் குடியேற ஒரு நண்டு காத்திருக்கும்.

சங்கு என்றதும் ஒன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் பூசை அறையில் வலம்புரிச் சங்கு பார்த்தவர்கள். அருங்காட்சியகத்தில் அதே சங்குக்கு நேர்மாறாக எழுதியிருந்தால் குழம்பிப் போவார்கள். விலங்கியலில் கூர்முனையை மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கப் பிடிப்பார்கள். வாய் வலப்பக்கம் வந்தால் வலச்சுழி. கடலில் கிடைக்கும் சாதாரணச் சங்கெல்லாம் இப்படித்தான். நாம் பூசையில் நீர் வழியும் மூக்கை மேலே வைத்துப் பார்க்கிறோம். தலைகீழானதும் இடமும் வலமும் மாறிவிடும். அதனால் நம்முடைய வலம்புரி அவர்கள் கணக்கில் இடச்சுழி. இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், பிடிக்கும் விதம் வேறு.

வலம்புரி என்று விற்பதில் பல, அமெரிக்கக் கடலில் இயல்பாகவே இடச்சுழியாக வளரும் வேறு இனம். வாய்க்குள் நடுத்தண்டைப் பாருங்கள். நம் சங்கில் மூன்று நான்கு மடிப்பு வரிசையாகத் தடித்து நிற்கும். அந்த இனத்தில் தண்டு வழவழவென்று இருக்கும்.

கானாடுகாத்தான் வாத்தியார்

ஆச்சி, இது எனக்கே புதுசு. கோடு போட்டுக் கரும்பலகையில் காட்டிவிடுகிறேன்.

செடிகளைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். படத்தில் பார்த்தால் எல்லாம் பச்சைத் திட்டாகத்தான் தெரிகிறது.

தொண்டிக் காற்று

கடலிலிருந்து உள்ளே நடக்க நடக்க வரிசை மாறும், அதைக் கயிறு கட்டிப் பார்க்கலாம். 50 மீட்டர் கயிறு, ஐந்து மீட்டருக்கு ஒரு முடிச்சு. அலை எட்டும் கோட்டிலிருந்து உள்நோக்கி நேராக இழுத்து, ஒவ்வொரு முடிச்சிலும் காலடியில் என்ன செடி, மணல் மூடியது எவ்வளவு என்று எழுத வேண்டும்.

முதலில் வருவது அடம்பு, சங்கப் பாட்டில் அடும்பு, பேச்சில் அடப்பங்கொடி. ஆட்டுக்குளம்பு போல நடுவில் பிளந்த இலை, ஊதாப் பூ. கணுவுக்குக் கணு வேர் விடும். மணல் மூடினால் மூடிய இடத்திலிருந்தே மறுபடி வேர்விட்டு மேலே வரும். அடுத்து இராவணன் மீசை. இலை ஊசி மாதிரி குத்தும், முழுக்கால் சட்டை கட்டாயம். இந்தப் புதரில் காற்றின் வேகம் தடைபட்டு, தூக்கி வந்த மணலைக் கீழே போட்டுவிடும். புதருக்குப் பின்னால் வால் மாதிரி நீளும் சின்ன மேட்டைக் காட்டுங்கள், பெரிய மேடுகளும் இப்படித்தான் தொடங்கின. முற்றிய முள் உருண்டை கழன்று காற்றில் உருண்டு ஓடும், விதை அதில்தான் போகிறது. அதற்கும் உள்ளே தாழை, பனை.

கொடியை மிதிக்காமல் வெறும் மணலில், ஒருவர் பின் ஒருவராக, முன்னவன் தடத்திலேயே நடக்கச் சொல்லுங்கள். கொடி அறுந்த இடத்தில் காற்று நுழைந்து குடையும். பள்ளம் விரியும், மேடு இரண்டாகும்.

சவுக்கு பற்றிச் சண்டை வரும், என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மேட்டுக்குப் பின்னால் ஊரைக் காக்கச் சவுக்கு நடுவது சரி. அலைக்கோடு வரைக்கும் நட்டால் தப்பு. கீழே சருகு மெத்தை போட்டு அடம்பை வளரவிடாது, முட்டையிட வரும் ஆமைக்கும் இடம் இருக்காது.

பிப்ரவரி என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குனி ஆமை கரையேறும் காலம் அது. அகலமான தடம் கடலிலிருந்து மேலேறித் திரும்பியிருந்தால் அதன் முடிவில் தோண்டாதீர்கள். ஒரு குழியில் நூறு முட்டை இருக்கும், குஞ்சு வர 45 முதல் 60 நாள். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது, அவர்களிடம் இடத்தைச் சொன்னால் போதும். கோதண்டராமர் கோயில் பக்கத்து ஆழமற்ற நீரில் பூநாரையும் இருக்கலாம். சாலையிலிருந்தே பாருங்கள், கிட்டே போனால் கூட்டமாக எழும்பிவிடும். ஒவ்வொரு முறை எழும்புவதும் அதற்கு இரை நேரம் வீண்.

ஆத்தங்குடிப் பட்டறை

தண்ணீரை விட்டுவிட்டீர்களே. இரண்டு கடலுக்கு நடுவில் அந்த மணல் நாக்கில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், மீனவர்கள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். மழைநீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், கணக்குப்படி கீழே 40 மீட்டர் வரை உப்பை அழுத்தி வைக்கும். மோட்டார் வைத்து வேகமாக உறிஞ்சினால் அதே கணக்கு திரும்பி அடிக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும்.

நம் ஊரணியில் வரத்துக்கால் அடைத்தால் ஊரே தவிக்கும். அங்கே மேடுதான் ஊரணி. மேட்டை அள்ளினால் தண்ணீர் போயிற்று.

வீட்டு ஆர்.ஓ.வுக்கு வாங்கிய டி.டி.எஸ். மீட்டர் யாரிடமாவது இருக்கும், கொண்டு போங்கள். தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று அது காட்டும். மீனவர்களிடம் கேட்டு அவர்கள் ஊற்றுத் தண்ணீர் ஒரு தம்ளர் அளந்து பாருங்கள், புதுக்குழி வேண்டாம். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை ஒப்புவார்கள். கடல்நீர் 35,000 பக்கம். சாதாரண மீட்டர் 9,990-இல் நின்றுவிடும். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காமல், கடல்நீர் ஒரு பங்கு, கேன் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து அளந்து, கேன் தண்ணீரின் பங்கைக் கழித்துப் பத்தால் பெருக்குங்கள்.

கானாடுகாத்தான் வாத்தியார்

அருமை. அருங்காட்சியகத்துக்கு ஏதாவது?

நெய்தல்

அது ஆராய்ச்சி நிறுவனம் என்பதால் எத்தனை பேர், எந்த நேரம் என்று முன்கூட்டியே கடிதம் எழுதி, முந்தைய நாள் போனிலும் உறுதி செய்யுங்கள். 1947-இல் தொடங்கிய நிறுவனம், 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது. ஒரே நேரத்தில் 36 பேர் உள்ளே போனால் பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனின் பிடரியைத்தான் பார்ப்பான். பன்னிரண்டு பேராக மூன்று சுற்று, சுற்றுக்கு 25 நிமிடம். மற்றவர்கள் மீன் தொட்டியிலும் சாப்பாட்டிலும்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு குடுவையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். சீட்டில் என்ன பெயர், எங்கே பிடித்தது, எப்போது என்று எழுதட்டும். இடம் இல்லாத சீட்டு ஆராய்ச்சிக்கு உதவாது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

“எல்லா மீனும் ஏன் ஒரே வெளிர் நிறம்” என்று கேட்பார்கள். பாதுகாக்கும் திரவத்தில் நிறமிகள் நாளடைவில் போய்விடும், உருவம்தான் நிற்கும். நிறத்துக்குத் தொட்டியைப் பாருங்கள், எலும்புக்கும் துடுப்புக்கும் குடுவையைப் பாருங்கள். ஃபார்மலின் நாள்பட அமிலமாகும், சுண்ணாம்பு ஓட்டைக் கரைக்கும். அதனால்தான் சங்கு, நட்சத்திரமீன் வகைகளை உலர்த்தியோ சாராயத்திலோ வைப்பார்கள். எலுமிச்சைச் சொட்டில் மணல் பொங்கியது ஞாபகம் இருக்கும் பிள்ளைக்கு இது உடனே விளங்கும். மணல் முதலில் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகவும்தான்.

ஆவுளியாவின், அதாவது கடல்பசுவின், எலும்பு இருந்தால் விலா எலும்பைப் பாருங்கள். ஓங்கிலுக்கு, அதாவது டால்பினுக்கு, மெலிசு. கடல்பசுவுக்குக் கட்டை மாதிரி கனம், தரையில் கடற்புல் மேய மூழ்கி நிற்க அந்தப் பாரம் வேண்டும். 2022-இல் அறிவித்த கடற்பசுப் பாதுகாப்பகம், 448 சதுர கி.மீ., தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில்தான் இருக்கிறது. நமக்குப் பக்கத்துக் கடல்.

கண்டனூர் ஆச்சி

பவளப் பகுதியில் வெள்ளையாக இருப்பது வெறும் எலும்புக்கூடு, உயிரோடு இருந்தால் பழுப்பும் பச்சையுமாக இருக்கும் என்று சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நம் வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்த பிள்ளைகளுக்கு இது எட்டும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடைசியில் கூழாங்கல்லால் இழைத்த பூச்சு. நம் வளவுகளின் வழவழப்பும் கடலிலிருந்து வந்த ஓடுதான்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டுங்கள். தேங்காய் சேர்ந்தது எதுவும் மூன்று மணிக்குக் கட்டி மதியம் வரை தாங்காது. தண்ணீர் தலைக்கு மூன்று லிட்டர், வேனில் கேனாக. அரிச்சல்முனையில் கடலில் இறங்க விடாதீர்கள், நீரோட்டம் பொல்லாதது.

கானாடுகாத்தான் வாத்தியார்

குறித்துக்கொண்டேன். மூன்று மணி கிளம்புதல், ஏழு முதல் ஒன்பது மணல், பத்தரைக்கு மண்டபம், ஒன்றரைக்குச் சாப்பாடு முடித்துத் திரும்புதல். நேரம் இருந்தால் வழியில் காரங்காடு அலையாத்திக் காட்டில் படகு.

ரஸ்தா ஸ்டியரிங்

காரங்காட்டை அன்றைக்கு வைக்காதீர்கள் அண்ணே. மூன்று மணிக்கு எழுந்த பிள்ளைகள் ராமநாதபுரம் தாண்டியதும் தூங்கிவிடுவார்கள். டிரைவருக்கும் மதியத் தூக்கம் அரைமணி வேண்டும், மண்டபத்திலேயே மரத்தடியில் படுக்க விடுங்கள்.

நெய்தல்

ஒரே ஒரு திருத்தம். ஒன்பது மணிக்கு வேன் ஏறுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். செருப்பு, கால்சட்டை மடிப்பு, பை எல்லாவற்றையும் மேட்டோரத்திலேயே உதறட்டும். 36 ஜோடிக் காலில் இரண்டு படி மணலாவது வரும். இராவணன் மீசை முள் உருண்டை துணியில் ஒட்டியிருந்தால் அதையும் அங்கேயே எடுத்துக் காற்றில் விட்டுவிடுங்கள்.